தேமோக்கு ராசாவின் கடைசிப் பதினான்கு பக்கங்கள்

சிஸ்டர் பேர்ணடெற் எனக்குத் தொலைபேசி எடுத்து இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தபோது, கூத்தில் தூதன் வேடத்துக்கு ஆள் வரவில்லை என்று அப்பா என்னை எழும்பச் சொன்னார்.

சிஸ்டர் பேசியது நான்கு நிமிடம். பதினொரு வசனங்கள் சொன்னார். அவற்றில் ஒன்றையும் நான் அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அழைப்பு வந்தது மே மாதம் இருபத்தோராம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்துப் பத்துக்கு. வவுனியாவில் அப்போது இரவு ஏழு நாற்பது. யாரோ ஒரு தாதியின் தொலைபேசியை இரவல் வாங்கி எடுப்பதாகச் சொன்னார். சிஸ்டர் வன்னியில் ஒரு சிறுவர் இல்லம் நடத்தியவர். என் அண்ணா வின்சன்ற் அந்த இல்லத்தின் வான் வண்டியை ஓட்டினார். என் இலக்கத்தை அண்ணாதான் சிஸ்டரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டு இலக்கத்தைக் கொடுக்கவில்லை. வீட்டில் தொலைபேசியை எடுப்பது அம்மா என்பது அவருக்குத் தெரியும்.

நான் ஒஷாவாவில் தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சிஸ்டர் பேசி முடித்ததும் கையில் இருந்த மாதிரிப் போத்தலில் குளோரைட் அளவு பார்த்தேன். லீற்றருக்கு நாற்பத்தொரு மில்லிகிராம். பிழையாகப் பார்த்திருப்பேனோ என்று இன்னொரு தரம் பார்த்தேன். நாற்பத்தொன்றுதான்.

அண்ணா கனடாவுக்கு வராததற்குக் காரணம் பதினொரு நாட்கள். அப்பா முதலில் வந்து, எங்களைக் கூப்பிடக் கடுதாசி போட்டு, அது சரிவந்தபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது முடிந்து பதினொரு நாள். பிள்ளை என்ற கணக்கில் அவர் அடங்கவில்லை. அம்மா அன்ரனெற்றும் பதினான்கு வயது நானும் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டோம். அண்ணா பஸ் நிலையம் வரை வந்து, என் பெட்டியின் கைபிடி கழலப்போகிறது என்று சொல்லி அதைக் கயிற்றால் கட்டிவிட்டார். அது பத்து வருடத்துக்கு முதல்.

இந்த வருடம் மார்ச் மாதத்தோடு அண்ணாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்தார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோனியார். முதல் செவ்வாயன்று தொலைக்காட்சியின் வயரைக் கழற்றிச் சுற்றி, கறுவாப்பட்டை வைத்திருந்த தகரப் பேணிக்குள் வைத்து மூடினார். பதின்மூன்று செவ்வாயும் முடியும்வரை இந்த வீட்டில் ஒருவரும் நல்லதோ கெட்டதோ ஒரு செய்தியும் கதைக்கக்கூடாது என்றார். இடையில் வருவது வதந்தி, முடிவில் வருவதுதான் பதில் என்பது அவருடைய கணக்கு. கடைசிச் செவ்வாய் ஜூன் ஒன்பதாம் திகதி விழுந்தது.

மே பத்தொன்பதாம் திகதி அப்பா வேலையால் வந்து, சண்டை முடிஞ்சுதாம் என்று மட்டும் சொன்னார். அன்று பதினோராம் செவ்வாய்... இல்லை, பத்தாவது. அம்மா அதைச் செய்தியாக எடுக்கவில்லை. அப்ப இனி அவன் வரலாம் என்று சொல்லிவிட்டு, அரிசி களைந்தார்.

இரண்டு நாள் கழித்து எனக்கு அழைப்பு வந்தது. ஒன்பதாம் திகதிக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாளும் கூத்தும் இருக்கிறதே, அதற்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நான்கு பேருக்கு மேல் இருந்தால் எனக்குக் குரல் வராது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அங்கும் வரவில்லை.

கூத்து அப்பா எழுதியது. அப்பாவின் பெயர் நீக்கிலாப்பிள்ளை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பின்னேரம் ஏற்றும் வரையுள்ள ஐந்து மணி நேரத்தில், பஸ்ஸை ஒரு கோப்பிக் கடையின் பின்பக்கம் நிறுத்தி, ஸ்ரியரிங்கின் மேல் கொப்பியை வைத்து எழுதுவார். மூன்று கூத்து அப்படி எழுதியிருக்கிறார். மூன்றும் எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பங்கின் திருநாளில் கோவில் நிலக்கீழ் மண்டபத்தில் ஆடப்பட்டன. கடைசியாக ஆடியதில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அதற்காக டொலர் கடையில் வாங்கிய ஆறு அலுமினியக் கிண்ணங்களைத் தொப்பியாக்கி, காது மூடி வைத்துத் தைத்திருந்தோம்.

இந்த வருடம், ஊரில் சண்டை நடக்கும்போது கூத்தே வேண்டாம் என்று பங்குச் சபையில் பாதிப் பேர் சொன்னார்கள். கூத்து கொண்டாட்டமில்லை, நேர்த்தி என்றார் அப்பா. அப்படியென்றால் அரசியல் இருக்கக்கூடாது, கொடி இருக்கக்கூடாது, எங்கட ஊர்ப்பெயர் ஒன்றும் வரக்கூடாது என்று சபைத் தலைவர் சொன்னார். அப்பா ஒரு கிழமை யோசித்தார். பிறகு, ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்றில் மெக்சிக்கோவில் ஒரு ராசா இருந்தார், அவருடைய கதை என்று எழுதிக் கொடுத்தார். மெக்சிக்கோவில் எங்களுக்கு ஏதும் பிரச்சினை உண்டா என்று தலைவர் கேட்டார். ஒருவருக்கும் தெரிந்து இல்லை. ஏகமனதாக நிறைவேறியது.

பங்குத் தந்தை ஒரேயொரு விஷயம் கேட்டார். ஸ்பானியர்கள் கத்தோலிக்கர் ஆயிற்றே, அவர்களை மோசமாகக் காட்டுகிறீர்களா என்றார். அவர்கள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள் என்று அப்பா பதில் சொன்னார்.

அந்த ராசாவின் பெயர் குவாவ்தேமோக். பாட்டுக்குள் அது நிற்கவில்லை. தேமோக்கு என்று அப்பா சுருக்கினார். ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸாக நடிக்க எங்கள் பங்கில் ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் றிச்மண்ட் ஹில்லில் இருந்து நவரட்ணம் அங்கிள் வந்தார். பிள்ளையார் கோவிலில் தேவாரம் பாடுகிறவர். நல்ல குரல். சிலுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டணத்துக்குள் நுழைகிற ஆறு பேரில் அவர் ஒருவர்தான் இந்து.

ராசா வேடம் அப்பாவுக்கு. புத்தகப் படங்களில் இறகு முடி இருந்தது. அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. எங்கள் கூத்தில் ராசா என்றால் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், மணிச் சரம், தோள்கட்டு. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து, பழைய கிரீடத்தின் பின்பக்கம் பச்சை இறகுகள் வைப்பதென்று முடிவானது. கைவேலைக் கடையில் வாங்கிய சாயம் போட்ட வான்கோழி இறகுகள். நூற்று நாற்பது. அம்மா ஒவ்வொன்றாகத் தைத்தார்.

என் வேலை இரண்டு. ஒன்று, நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து, ஒவ்வொரு அத்தியாயமாக அப்பாவுக்குத் தமிழில் சொல்வது. மற்றது, ஒத்திகையில் திரைக்குப் பின்னால் இருந்து கொப்பி பார்த்து, பாட்டு மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது. இரண்டையும் மெல்லிய குரலில் செய்யலாம்.

ஏப்ரல் முழுவதும் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். ஏரியின் நடுவே ஒரு பட்டணம். அதை ஆண்ட பெரிய ராசா அந்நியரின் காவலில் இருந்தபோது இறந்தார். கல்லெறிந்து கொன்றது சொந்தச் சனம் என்று ஒரு பக்கம் எழுதியது, குத்திக் கொன்றது அந்நியர் என்று மறுபக்கம் எழுதியது. அடுத்து வந்தவர் எண்பது நாள் ஆண்டு, அம்மை நோயில் போனார். அதற்குப் பிறகு தேமோக்கு. வயது இருபத்தைந்து அளவில். அவர் முடி சூடியபோதே பாதிச் சனம் அம்மையில் போயிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் அந்நியரோடு சேர்ந்திருந்தார்கள். முதலில் தண்ணீர் வரும் வாய்க்காலை உடைத்தார்கள். பிறகு பதின்மூன்று படகுகளில் ஏரியால் வந்தார்கள்.

பதின்மூன்றா என்று அம்மா கேட்டார். பதின்மூன்று என்றேன். அவர் அதை அந்தோனியாரின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். படகுகள் எதிரியினுடையவை என்பதை நான் திருப்பிச் சொல்லவில்லை.

சனம் வடக்கு மூலைக்கு ஒதுங்கியது. ஒவ்வொரு நாளும் மூலை சிறுத்தது. பல்லி பிடித்துத் தின்றார்கள். தோலை ஊறவைத்துத் தின்றார்கள். ஏரித் தண்ணீரைக் குடித்தார்கள். அது உப்புத் தண்ணீர். எவ்வளவு உப்பு என்று அப்பா கேட்டார். பருவத்துக்குப் பருவம் மாறும், அந்தக் காலத்து அளவு ஒருவருக்கும் தெரியாது, ஆனால் குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும் என்றேன். அப்பா அதை அப்படியே எழுதினார்.

எத்தனை நாள் முற்றுகை என்று கேட்டார். மூன்று கணக்கு இருக்கிறது என்றேன். தளபதி எழுபத்தைந்து என்று எழுதினான். ஒரு சிப்பாய் தொண்ணூற்று மூன்று என்று எழுதினான். ஊர்ச் சனம் எண்பது என்று சொன்னது.

“நீ ஒண்டைச் சொல்லன்.”

“சொல்லேலாது, அப்பா. எண்ணத் தொடங்கின நாள் ஆளுக்கு ஆள் வேற.”

“எண்பது எண்டால் பாட்டுக்கு நிக்கும்.”

“பாட்டுக்கு நிக்கும். சரியோ எண்டு தெரியாது.”

அப்பா அம்மாவைப் பார்த்து, இவளிட்ட ஒரு நாள் கடன் கேக்கேலாது என்றார். எண்பது என்று எழுதிவிட்டு, என் திருப்திக்காக ஓரத்தில் ‘என்பர்’ என்று சேர்த்தார்.

ராசாவின் வரவுப் பாட்டு அப்போதே வந்துவிட்டது.

தண்ணீரிடை எழுந்தோங்கிய தலைநகரினை ஆள்வேன்
தரணிப்படை எதிர்வந்திடத் தரைவிட்டக லேனே

மே இருபதாம் திகதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ராசா பிடிபட்ட இடத்துக்கு வந்தோம். ஓகஸ்ட் பதின்மூன்றாம் திகதி. ஒரு வள்ளத்தில் போகும்போது பிடித்தார்கள். தளபதியின் முன்னால் கொண்டுபோய் விட்டபோது, அவன் இடுப்பில் இருந்த குத்துவாளைத் தொட்டு, என் பட்டணத்தைக் காக்கச் செய்யக்கூடியதெல்லாம் செய்துவிட்டேன், இனி இதால் என்னை முடித்துவிடு என்று ராசா சொன்னார். தளபதி முடிக்கவில்லை. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினான்.

மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று புத்தகத்தை மூடினேன். அடுத்த நாள் காலை பத்துப் பத்துக்கு சிஸ்டர் எடுத்தார்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். புத்தகத்தில் இன்னும் பதினான்கு பக்கங்கள் இருந்தன. பொன் எங்கே என்று கேட்டு ராசாவின் பாதங்களில் எண்ணெய் பூசிச் சுட்டார்கள். நான்கு வருடம் வைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தெற்கே காட்டு வழியாக ஒரு பயணம் போகும்போது, விட்டுவிட்டுப் போனால் கலகம் செய்வார் என்று கூடவே நடத்திக் கொண்டுபோனார்கள். வழியில், கலகம் செய்யப்போகிறார் என்று யாரோ சொன்னார்களாம். விபூதிப் புதனுக்கு முந்தின நாட்களில் ஒரு மரத்தில் தூக்கினார்கள். இதையெல்லாம் நான் முன்பே வாசித்து முடித்திருந்தேன்.

“தெற்குப் பக்கம் ஒரு பயணம் கூட்டிக்கொண்டு போனாங்கள்” என்றேன்.

“பிறகு?”

“பிறகு அவ்வளவு விபரம் இல்லை, அப்பா.”

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா தைத்துக்கொண்டிருந்த இறகை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப திரும்பி வாறான்தானே?”

நான் ஓம் என்றேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் வேலை போகும். இங்கே அப்பா ஒரு காட்சியே எழுதினார். ராசா தெற்கிலிருந்து திரும்புகிறார். முள்ளுக்கம்பி வேலியைத் திறந்துவிடுகிறார்கள். ஏரிக்கரையில் தாய் காத்திருக்கிறாள். ராசா வெள்ளை உடுத்தி, கிரீடமில்லாமல், கால்நடையாக வருகிறார். மங்களம். ஆயிரத்து ஐந்நூறுகளில் முள்ளுக்கம்பி கிடையாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மா உடனே வெள்ளைத் துணி வாங்கி வரச்சொன்னார். வெட்டும்போது அப்பாவின் அளவுக்கு வெட்டவில்லை. தோள் இரண்டு அங்குலம் கூட இருந்தது. அண்ணாவுக்குத் தோள் அகலம். நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார்.

இனி மே முப்பதாம் திகதி, சனிக்கிழமை. ஒத்திகை பத்து மணிக்கு. கடைசி மூன்று காட்சிகள் மட்டும். மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கி வைத்து, ஒரு மேசையில் தேநீரும் கட்லட்டும் வைத்திருந்தார்கள். அம்மா மூன்றாவது வரிசையில் வெள்ளைத் துணியோடு இருந்தார். நவரட்ணம் அங்கிள் அலுமினியத் தொப்பியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு கட்லட் சாப்பிட்டார். இறைச்சியா என்று கேட்டு, மீன் என்று அறிந்து, வெள்ளி இல்லை, சனிக்கிழமைதானே என்று இன்னொன்று எடுத்தார்.

“அண்ணை, உந்தக் கால் சுடுற காட்சி ஏதும் கிடக்கோ?” என்று அப்பாவைக் கேட்டார். “என்ர மகள் இன்ரநெற்றில வாசிச்சவள். கோர்த்தேஸ் ராசாவின்ர காலைச் சுட்டவனாம். நான் உதெல்லாம் செய்யமாட்டன், சொல்லிப்போட்டன். நான் கோவிலில பாடுற ஆள்.”

“உனக்கு உதில வேலையில்லை” என்றார் அப்பா. “நீ முதுகில தட்டினாப் போதும்.”

நான் திரைக்குப் பின்னால் போய், பையிலிருந்து கொப்பியையும் புத்தகத்தையும் எடுத்தேன். புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு அந்தோனியார் படம் ஒன்று வைத்திருப்பேன். சட்டைப் பைக்குள் வைக்கும் அளவு. அதை ராசா பிடிபட்ட பக்கத்தில் வைத்திருந்தேன். இப்போது அது பதினொரு பக்கம் தள்ளி இருந்தது.

அந்தப் பக்கத்தில் எழுத்தில்லை. ஒரு பழைய சித்திரம். அந்தச் சனங்கள் பயணத்தைக் காலடிகளாக வரைவார்கள். காலடிகள் வரிசையாகப் போகின்றன. ஒரு மரம் வரைக்கும் போகின்றன. மரத்தில் ஒருவர் தொங்குகிறார். அதை வாசிக்க ஆங்கிலம் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இந்தப் புத்தகத்தைத் தொடுபவர்கள் இரண்டு பேர்.

பத்துப் பத்துக்கு, மிதுனன் இன்னும் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். மிதுனன் வங்கியில் வேலை செய்கிறவன், தூதன் வேடம் அவனுக்கு. ஒட்டாவாவுக்கு ஊர்வலத்துக்குப் போகிற பஸ்ஸில் இருப்பதாகத் தகவல் அனுப்பியிருந்தான். தூதன் இல்லாமல் காட்சியை எடுக்க முடியாது.

காரணம், எங்கள் கூத்தில் ஒரு முறை இருக்கிறது. சாவுச் செய்தியை ராசாவுக்குத் தூதன் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். ராசா மூன்று தரம் கேட்பார். முதல் இரண்டு தரமும் தூதன் சுற்றி வளைக்கலாம். மூன்றாம் தரம் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். யாருடைய மகன், என்ன பெயர், எந்த நாள், எந்த இடம், எப்படி. ஒன்றும் விடக்கூடாது. அழக்கூடாது. சொல்லி முடிக்கும்வரை ராசா ஆசனத்தை விட்டு இறங்க முடியாது, ஒப்பாரிப் பாட்டும் தொடங்க முடியாது. சொல்லாத சாவுக்குப் பாட்டில்லை என்பது அப்பாவின் பேச்சு.

மிதுனனுக்கு இது முதலில் விளங்கவில்லை. ஃபெர்ஸ்ற் ரைம் கேக்கேக்கயே சொல்லலாமே அங்கிள், ஏன் வெய்ற் பண்ணோணும் என்று கேட்டான். முதல் தரம் கேட்கிறது ஒரு ஆசையில், ரெண்டாந்தரம் ஒரு பயத்தில், மூண்டாந்தரம்தான் ராசாவாக் கேக்கிறார் என்று அப்பா விளங்கப்படுத்தினார். மிதுனன் ஓகே என்றான்.

“செலீன்” என்று அப்பா கூப்பிட்டார். “நீ வந்து நில்லு.”

நான் திரைக்குப் பின்னால் இருந்தே சொல்கிறேன் என்றேன். தூதன் திரைக்குப் பின்னால் இருந்து சொல்கிறதில்லை என்றார். கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மண்டபத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். நான்கின் நான்கு மடங்கு.

அப்பா ஆசனத்தில் இருந்தார். அடுக்குக் கதிரை ஒன்றின் மேல் சிவப்புத் திரைச்சீலை போட்டது. கிரீடம் வைத்திருந்தார். மின்விசிறிக் காற்றில் பின்பக்கம் இறகுகள் ஆடின. மத்தளம் அடிப்பவர் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார்.

அப்பா பாடவில்லை, வசனமாகக் கேட்டார்.

“தூதுவனே, பட்டணத்தின் சேதி என்ன?”

கொப்பியில் இருந்ததை வாசித்தேன். சந்தை விழுந்தது ராசாவே, கோபுரம் எரிந்தது, வடக்கு மூலையில் சனம் தண்ணீருக்குள் நிற்கிறது. குரல் வந்தது. பெரிதாக வரவில்லை.

“அது தெரியும்” என்றார் அப்பா.

அது கொப்பியில் இல்லை. நான் அடுத்த வரியைத் தேடினேன்.

“கொப்பியை மூடு, பிள்ளை.”

மூடினேன்.

“பதினாலு பக்கம் கிடக்கு. நான் எண்ணினனான்” என்றார். குரல் ராசாவின் குரலும் இல்லை, வீட்டில் கதைக்கும் குரலும் இல்லை. “எழுபத்தஞ்சோ எண்பதோ எண்டு கேட்டதுக்கே ஒரு நாள் விட்டுத்தராத பிள்ளை நீ. ஒரு ராசாவைச் சாகாமல் விட்டிருக்கிறாய். அது அந்த ராசாவுக்காக இல்லை.”

நவரட்ணம் அங்கிள் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்லட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தெற்க போனவனுக்கு என்ன நடந்தது?” என்று அப்பா கேட்டார்.

இது இரண்டாம் தரம். இரண்டாம் தரத்துக்கும் சுற்றி வளைக்கலாம்.

“மரத்தில தூக்கினாங்கள், அப்பா” என்றேன். “ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தைஞ்சு. மாசி மாசக் கடைசி.”

“ம்” என்றார்.

அப்பா கிரீடத்தைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றினால் ஒத்திகை நின்றுவிடும், எல்லோரும் தேநீர் குடிப்பார்கள், நான் திரைக்குப் பின்னால் போகலாம். அவர் கை காது வரை போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் கேட்க அவரால் முடியவில்லை.

மூன்றாவது வரிசையில் அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். நூல் அறுக்கவில்லை. துணியை நாலாக மடித்தார். இன்னும் இரண்டு செவ்வாய் இருக்கிறது என்று சொல்வார் என்று பார்த்தேன்.

“மூண்டாந்தரம் கேளுங்கோ” என்றார் அப்பாவிடம்.

“அன்ரனெற்…”

“நான் ஒன்பது நாளா இவள் சாப்பிடுறதைப் பாக்கிறன். கேளுங்கோ. பிள்ளை எவ்வளவு நேரம் நிக்கிறது?”

அப்பா நிமிர்ந்து இருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தார், ராசா வைப்பதுபோல.

“தூதுவனே” என்றார். “என்ர மகன்ர சேதி என்ன?”

நான் நேராக நின்றேன். யாருடைய மகன், என்ன பெயர், எந்த நாள், எந்த இடம், எப்படி. சிஸ்டரின் பதினொரு வசனங்களில் அது மூன்றாவது.

“ராசாவே, நீக்கிலாப்பிள்ளையின்ர மகன் வின்சன்ற், மே மாதம் பதினாலாம் திகதி வியாழக்கிழமை, முள்ளிவாய்க்காலில, பிள்ளையளுக்குத் தண்ணி எடுக்கப் போன இடத்தில, ஷெல் விழுந்து செத்துப்போனார்.”